கை கட்ட வேண்டியவர்கள்

"அந்தச் சின்னப் புள்ள மித்த முன் வரிசையில நிறுத்து லியூ. அதுதான் நல்லா அழும்."

குழந்தைகள் காப்பகத்தின் பொறுப்பாளர் கியெம், குழம்புக்கு இன்னும் கொஞ்சம் புளி போடு என்று சொல்கிற மாதிரிதான் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, சாயந்திர வழியனுப்பு விழாவுக்கு வாசலில் வாழைமரம் கட்டுகிறவர்களைப் பார்க்கப் போய்விட்டார். கிணற்றடியில் உட்கார்ந்து விரால் மீனைச் சுரண்டிக்கொண்டிருந்த லியூவின் கை அப்படியே நின்றது. பிறகு அவள் சுரண்டிய வேகத்தில் செதில் பறந்து பக்கத்துக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் ஒட்டிக்கொண்டது.

தியென் ஆற்றிலிருந்து பிரியும் கால்வாய் ஓரத்தில் இருந்தது அந்தக் காப்பகம். லியூ அங்கே சமையல்காரியாகத்தான் சேர்ந்தாள். ஆனால் ராத்திரி காய்ச்சலில் அனத்துகிற பிள்ளை சமையல்காரியா, ஆயாவா என்று பார்த்தா கூப்பிடும்? எல்லாப் பிள்ளைகளும் அவளைச் சித்தி என்றே கூப்பிட்டன. தலைக்கு எண்ணெய் வைப்பது, பேன் பார்ப்பது, பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடிக்கு நியாயம் கேட்கப் போவது எல்லாம் அவள் வேலையாகிவிட்டது. கோபக்காரி என்று ஊருக்கே தெரியும். சந்தையில் வாடிய கீரையை அவள் தலையில் கட்ட ஒருத்தரும் துணிய மாட்டார்கள்.

அவள் புருஷன் ஒரு வெயில் நாளில் "ஐஸ் வாங்கிட்டு வரேன்" என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன். சாலையோரத்தில் ஐஸ் விற்காத கடையே இல்லாத ஊர் அது. அன்றைக்கு டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் வாசலைப் பார்த்தாள். பின்ன ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தாள். பிஞ் யுவோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவனையும் இன்னொருத்தியையும் சேர்த்துப் பார்த்ததாக யாரோ சொன்னபோது அவளுக்கு வந்தது அழுகை இல்லை. 'போறேன்னு சொல்லிட்டுப் போயிருந்தா நான் எம்பாட்டுக்கு வேலையப் பாத்திருப்பேனேடா, பாவி' என்கிற ஆத்திரம்தான். அந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியம் இருப்பதாகவும் அவள் நினைக்கவில்லை.

காப்பகத்துக்கு வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள். போன கூட்டம் அடித்த பச்சைக்கு மேல் இந்தக் கூட்டம் மஞ்சள் அடிக்கும். பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள், பட்டம் விடுவார்கள், ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு அந்த இடுப்பின் சூடு பழகுகிற நேரம் பார்த்துப் பேருந்து வந்து நிற்கும். வழியனுப்பு விழா நடக்கும். பிள்ளைகள் அழும், வந்தவர்கள் அழுவார்கள், கியெமின் மருமகன் படம் எடுப்பான். பேருந்து போன பிறகு படுக்கை நனைகிறதும், சின்னது பெரியதைக் கடிக்கிறதும், ஒன்று சோறு வேண்டாமென்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறதும் எந்தப் படத்திலும் வராது. அதெல்லாம் லியூவின் பங்கு.

மித்துக்கு ஆறு வயது இருக்கும். மித் என்றால் பலா. குட்டையாக, சொரசொரவென்று வெட்டிய தலையோடு வந்து சேர்ந்ததால் அந்தச் செல்லப்பெயர் நிலைத்துவிட்டது. போன கூட்டத்தில் வந்த ஒருத்தி அவளைக் கொஞ்சு கொஞ்சென்று கொஞ்சிவிட்டு, "சீக்கிரம் வரேன்" என்று முத்தம் கொடுத்துப் போனாள். காப்பகத்தில் சாப்பிட உட்கார்ந்தால் சின்னவர்கள் பெரியவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி "சாப்பிடுங்க" என்று அழைத்துவிட்டுத்தான் கிண்ணத்தைத் தொட வேண்டும். மித், போனவள் பேரையும் சேர்த்து அழைத்தாள். அழைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். ஒருநாள் இல்லை, இரண்டுநாள் இல்லை, மழை நின்று தண்ணீர் வடிகிறவரைக்கும். வராதவரைப் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவது திதியன்று செத்தவர்களுக்குத்தான் வழக்கம். பெரிய பிள்ளைகள் பயந்துபோய்க் கிண்ணத்தோடு எழுந்து தள்ளி உட்கார்ந்தன.

இப்போது மறுபடியும் அதே கதை. இந்தக் கூட்டத்தில் வந்த கெல்சி என்கிற ஆஸ்திரேலியப் பெண், வந்த அன்றைக்கே மித்தைத் தூக்கிக்கொண்டாள். கெட்ட பெண் என்று சொல்ல முடியாது. கழிப்பறை கழுவ முகம் சுளிக்கவில்லை, நாறுகிற புளித்த மீன்சாற்றை ஊற்றிப் பிசைந்து தின்றாள். அதுதான் லியூவின் எரிச்சலைக் கூட்டியது. கெட்டவளாக இருந்தால் மித்தே ஒட்டியிருக்க மாட்டாளே.

மீனைச் சட்டியில் போட்டு மூடிவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், மொழிபெயர்க்க வந்த கல்லூரிப் பெண் தாவைக் கூப்பிட்டாள் லியூ.

"அந்தக் கெல்சியக் கூட்டியா. நான் சொல்றத அப்படியே சொல்லு. பூசி மெழுகாத."

"சித்தி, விழா நேரத்துல எதுக்கு…"

"கூட்டியாடின்னா."

கெல்சி வந்தாள். தோளில் மித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீ இல்லேன்னு இவகிட்டச் சொல்லிட்டியா?" என்றாள் லியூ.

தாவ் கேட்டுச் சொன்னாள். "திரும்பி வருவேன்னு சொல்லியிருக்காங்களாம் சித்தி."

"எப்ப வருவாளாம்?"

கெல்சி கொஞ்சம் தயங்கிவிட்டுப் பேசினாள். தாவ் இன்னும் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "அடுத்த வருஷம் முடிஞ்சா… படிப்பு இருக்காம். மனசுல வரணும்னு ஆசையாம். உண்மையச் சொன்னா புள்ள நொந்துபோகும்னு சீக்கிரம்னு சொல்லிட்டாங்களாம்."

"ஆசைய ஊறுகா போடச் சொல்லு! புள்ள நொந்துபோகும்னா இல்ல, அவ நோகறத நீ பாக்கணுமேன்னு பயம். அந்தப் பொய்யக் கட்டிக்கிட்டு இவ இங்க உக்காந்திருப்பா. நீ அங்க ஏரோப்ளேன்ல படம் பாத்துக்கிட்டுப் போவ. சொல்லு, அப்படியே சொல்லு."

தாவ் எவ்வளவு சொன்னாளோ, கெல்சியின் முகம் சிவந்து கண் கலங்கியது.

"இங்க அழாத," என்றாள் லியூ. "சாயந்திரம் அதுக்குன்னு நேரம் ஒதுக்கியிருக்காங்க."

சாப்பாடு முடிந்ததும் முற்றத்தில் ஒத்திகை நடந்தது. எதிரே, ஊருக்குத் திரும்புகிற விருந்தினர்களுக்கு நாற்காலி வரிசை. பிள்ளைகள் ஒரே மாதிரிச் சட்டை போட்டு, மார்புக்குக் குறுக்கே கை கட்டி, குனிந்து நின்றார்கள். கியெம் தாளம் போட, "அண்ணன்மாரே, அக்காமாரே, போய் வாருங்கள்" என்று ஒரே குரலில் கத்தினார்கள். மித் முன் வரிசையில், நடுவில், இன்னும் தூக்கம் கலையாமல் கை கட்டி நின்றாள்.

லியூ இந்தக் காட்சியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் கரண்டியோடு முற்றத்துக்கு வந்தாள்.

"ஐயா, உங்க வீட்டுல நீங்க சின்னப் புள்ளயா பள்ளிக்கூடம் போறப்ப யாரு கை கட்டினது? நீங்களா, உங்க அம்மாவா?"

கியெமுக்குப் புரியவில்லை. "இதென்ன கேள்வி? நான்தான். 'அம்மா, போறேன்'னு கை கட்டிச் சொல்லிட்டுத்தான் படி இறங்கணும். இல்லேன்னா முதுகு தோல் உரிஞ்சிடும்."

"போறவங்கதானே?"

"ஆமா, போறவங்கதான்."

"அப்ப இங்க யாரு போறாங்க? இந்தப் புள்ளைங்க எங்க போகுது? போறவங்க கால்மேல கால் போட்டு நாற்காலியில உக்காந்திருப்பாங்க, இருக்கறதுங்க வெயில்ல கை கட்டி நிக்குதுங்க! இது எந்த ஊரு மரியாதை?"

பெரிய பிள்ளைகள் களுக்கென்று சிரித்தன. கியெம் அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"லியூ, நீ உலையில போடற அரிசி எங்கேருந்து வருதுன்னு தெரியும்ல? அழற படம் போனாத்தான் அங்க பணம் குடுக்கறவங்க மனசு இளகும். சிரிக்கிற படம் அனுப்பினா, நல்லாத்தானே இருக்காங்கன்னு விட்டுடுவாங்க. எனக்கு மட்டும் இது சந்தோஷமா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அது லியூவுக்கும் தெரியும். தெரிந்ததனாலேயே கோபம் இன்னும் ஏறியது. கரண்டியோடு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார் கியெம்.

சாயந்திரம் பேருந்து வந்தது. விருந்தினர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மருமகன் கேமராவைத் தூக்கினான். கியெம் தாளம் போடக் கையைத் தூக்கிய நேரம், லியூ நேராக நடந்துபோய் முன் வரிசையிலிருந்து மித்தைத் தூக்கினாள். கெல்சியைக் கையைப் பிடித்து நாற்காலியிலிருந்து எழுப்பினாள். அந்த நாற்காலியில் மித்தை உட்கார வைத்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. கெல்சி பரிசாக வாங்கி வைத்திருந்த பொம்மைக் கரடியை அவள் மடியில் வைத்தாள்.

"லியூ!" என்று கத்தினார் கியெம்.

"தாவ், இந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு. கை கட்டி நிக்கணும். போறேன்னு இவகிட்டச் சொல்லிக்கணும். திரும்ப வருவனான்னு தெரியாதுன்னு சொல்லணும். பொய் சொன்னா நான் பேருந்து முன்னாடி படுத்துடுவேன்."

கெல்சி தாவைப் பார்த்தாள், பிறகு லியூவைப் பார்த்தாள். மெதுவாகக் கையைக் கட்டினாள். ஒரு கை மேலே வந்து இன்னொன்று தவறாகப் போக, மித்தே கையை நீட்டி அதைச் சரிசெய்துவிட்டாள்.

கெல்சி தனக்குத் தெரிந்த கொஞ்சம் வார்த்தையில் அவளாகவே சொன்னாள். "மித், நான் போறேன்."

மித் கேட்டாள். "நாளைக்கு வருவியா?"

"இல்ல."

"திருவிழாவுக்கு?"

"இல்ல."

"பின்ன எப்ப?"

"தெரியல. வராமலும் போகலாம்."

மித்தின் உதடு பிதுங்கியது. மருமகன் அவசரமாகக் குனிந்து கேமராவைத் திருப்பினான். ஆனால் அழுகை வரவில்லை. மித்தின் முகம் மிளகாய்ப்பழம் மாதிரி ஆனது. மடியிலிருந்த பொம்மைக் கரடியைக் காதைப் பிடித்துத் தூக்கி, கெல்சியின் வயிற்றைப் பார்த்து எறிந்தாள்.

"அப்ப ஏன் என்னைத் தூக்கின? போ! போடீ!"

அழுதது கெல்சிதான். மருமகன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். லியூ தன் அகலமான முதுகை நடுவில் கொண்டுபோய் வைத்தாள். அன்றைக்கு எடுத்த படம் பாதிக்குமேல் லியூவின் முதுகுதான்.

அதன்பிறகு விழா சரிப்படவில்லை. பின் வரிசைப் பிள்ளை ஒன்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எங்கிட்டயும் சொல்லணும்" என்றது. இன்னொன்றும் ஏறியது. அந்த வெளிநாட்டு இளைஞர்கள் ஒவ்வொருவராக வந்து கை கட்டி நின்றார்கள். சிலருக்கு வெட்கம், சிலருக்கு எரிச்சல். ஒருத்தன் மட்டும் சொல்லாமல் நேராகப் பேருந்தில் ஏறிவிட்டான்.

பேருந்தின் புழுதி அடங்குமுன் கியெம் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"நாளையிலருந்து நீ சமையலோட இரு. புள்ளைங்க அறைப் பக்கம் வராத."

"அப்ப நான் வேலைய விட்டே போறேன்."

"மிரட்டறியா?"

"மிரட்டலை ஐயா. போறதுன்னா நான் முறையாத்தான் போவேன். ஒவ்வொரு புள்ளயா உக்கார வச்சு, கை கட்டி, ஏன் போறேன்னு காரணத்தோட சொல்லிட்டுத்தான் போவேன். உங்க மருமகன வரச் சொல்லுங்க, நல்லா அழும் எல்லாம். படமா எடுத்துத் தள்ளட்டும்."

கியெம் குனிந்து செருப்பைத் தேடினார். ஒன்று கிடைத்தது, இன்னொன்றை நாய் எங்கோ இழுத்துப் போயிருந்தது. "அடுத்த கூட்டம் வரும்போது பேசிக்கலாம்," என்று முனகிவிட்டு ஒற்றைச் செருப்போடு போனார்.

"வரட்டும்!" என்று அவர் முதுகுக்குச் சொன்னாள் லியூ. "வந்து இறங்கின அன்னிக்கே, எப்பப் போவீங்கன்னு கேட்டுட்டுத்தான் ஒரு புள்ளயத் தொட விடுவேன்!"

கதவுக்குப் பின்னாலிருந்து மித் வந்தாள். வந்த வேகத்தில் வாளியை ஓர் உதை விட்டாள். வாளி உருண்டு தண்ணீர் ஓடியது.

"அந்த அக்கா மோசம்."

"ஆமா, மோசந்தான்."

"நீயும் மோசம்."

"நானுந்தான்," என்றாள் லியூ. கொத்தமல்லிக் கட்டை எடுத்து அவள் முன்னால் போட்டாள். "உக்காந்து இத ஆஞ்சு குடு."

மித் உட்கார்ந்து, தண்டு வேர் என்று பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு பிய்த்தாள். பாதிக்குமேல் வீணாய்ப் போனது. லியூ இன்னொரு கட்டையும் எடுத்து அவள் பக்கம் தள்ளினாள்.