ஆற்றோர வீடுகளின் பட்டியல்

முதல் தடவை திரையில் அந்தச் சிவப்பு வரி வந்தபோது நான் பயப்படவில்லை. காலை ஒன்பதரை மணி இருக்கும். அஸ்தம்பட்டியில் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் இருக்கும் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். கூட வேலை பார்ப்பவர் உறவினர் வீட்டு விசேஷத்துக்காக ஆத்தூர் போயிருந்தார். வெளியே சுள்ளென்று வெயில். சேலத்தில் அந்த வாரம் ஒரு பொட்டு மழை கிடையாது. ஆனால் மேட்டூர் அணை நிரம்பி, பதினாறு கண் மதகைத் திறந்துவிட்டார்கள் என்று காலைச் செய்தியில் சொல்லியிருந்தார்கள். எங்கோ கர்நாடகத்து மலைகளில் பெய்த மழை, இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளமாக வந்து நிற்கும். குமாரபாளையத்தில் ஆற்றை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். எனக்கு இன்று வரை பழகவில்லை.

என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி குமாரபாளையத்தில் இருக்கிறாள். துண்டு நெய்யும் விசைத்தறிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். வெள்ளம் வந்தால் கரையோர வீடுகளிலிருந்து ஆட்களை வெளியே கொண்டுவர அவளும் அக்கம்பக்கத்தவர்களும் சேர்ந்து இருபது பேர் கொண்ட ஒரு குழு வைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் ஒரு நோட்டில் வீடுகளை எழுதி வைத்திருந்தார்கள். ஒரு வருஷம் அந்த நோட்டு நனைந்து ஊறிவிட்டது. எந்த வீட்டுக்குப் போனோம், எதற்குப் போகவில்லை என்று தெரியாமல் ஒரே வீட்டுக்கு மூன்று பேர் போனார்கள். இன்னொரு வீட்டுக்கு ஒருவருமே போகவில்லை. அந்த வாரமே என்னைக் கூப்பிட்டாள். நான் ஓர் இணையதளம் செய்து கொடுத்தேன். கதவு எண், எத்தனை பேர், நடக்க முடியாதவர்கள் யாராவது உண்டா, போன் நம்பர், அவ்வளவுதான். ஒரு வீட்டைக் காலி செய்ததும் யாராவது ஒருவர் தன் போனில் தொட்டால், இருபது பேர் போனிலும் அந்த வீடு பச்சையாக மாறிவிடும்.

போன வருஷம் வெள்ளக்காலம் முடிந்ததும் தளத்தை இணையத்திலிருந்து இறக்கி வைத்துவிட்டோம். தறிக்கு வரும் குடும்பங்கள் வாடகைக்கு வீடு மாறிக்கொண்டே இருக்கும். அதனால் இந்த வருஷம் ஆனி மாதத்தில் தோழியின் குழு மறுபடி வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தது. அந்தத் தகவலைச் சேமிக்க, பழையதைத் தொடாமல் நான் புதிதாக ஒரு டேட்டாபேஸ் திறந்து கொடுத்தேன். அவளே ஒவ்வொரு வீடாகப் பதிந்தாள். என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன், நன்றாக ஓடியது. தேவைப்படும் அன்றைக்குச் சொல், பத்து நிமிஷத்தில் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அன்று காலை அவள் கூப்பிட்டாள்.

"புள்ள, ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிட்டுப் போறாங்க. மத்தியானத்துக்குள்ள கரையோரம் பூராக் காலி பண்ணோணுமாம். லிஸ்ட்ட ஏத்திடு."

"பத்து நிமிஷம்" என்றேன்.

லேப்டாப்பில் ஓடுவது அப்படியே இணையத்தில் ஓடிவிடாது. நாம் எழுதியதை கிளவுட் சர்வர் வாங்கிக்கொண்டு, அங்கே முதலிலிருந்து எல்லாவற்றையும் கூட்டிக் கட்டும். அதைத்தான் பில்ட் என்கிறோம். திரையில் வரி வரியாக ஓடிக்கொண்டிருக்கும். ஏதாவது ஒன்று குறைந்தாலும் சிவப்பில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் ஐந்தாறு நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

முதல் சிவப்பு வரி, ஒரு ஃபைலைக் காணவில்லை என்றது. அந்த ஃபைல் என் கண் முன்னால் இருந்தது. நான்கு முறை படித்த பிறகுதான் தெரிந்தது, பெயரில் ஓர் ஆங்கில எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டிய இடத்தில் சிறிய எழுத்தாக இருந்தது. என் லேப்டாப் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், சர்வர் எடுத்துக்கொள்ளாது. திருத்தி மறுபடி அனுப்பினேன். ஆறு நிமிஷம். இப்போது வேறொரு சிவப்பு வரி.

பயம் அங்கே ஆரம்பித்தது. ஒரு வருஷத்தில் அந்த சர்வர் தன் மென்பொருளையெல்லாம் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தது. எங்களுடைய பழைய நிரல் துண்டுகள் அதோடு ஒத்துப்போகவில்லை. முகம் தெரியாத யாரோ இதே பிழையைப் பற்றிக் கேட்டிருந்ததை இணையத்தில் தேடிப் பிடித்தேன். பழைய பில்டின் மிச்சங்களை அழித்துவிட்டு முயலுங்கள் என்று ஒருவர் பதில் போட்டிருந்தார். அழித்தேன். ஆறு நிமிஷம். அதே வரி. இன்னொருவர் சொன்னதைச் செய்தேன். ஆறு நிமிஷம். அதே வரி. கீழே பல் மருத்துவமனையில் துளைக்கும் கருவியின் சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

தோழி மறுபடி கூப்பிட்டாள். பின்னால் பேச்சுக்குரல்களும் பாத்திரம் உருளும் சத்தமும் கேட்டன.

"என்னாச்சு?"

"இங்க என் லேப்டாப்ல ஓடுது. அங்க ஏற மாட்டேங்குது."

"அப்ப அந்த லேப்டாப்பத் தூக்கிட்டு பஸ் ஏறு" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு நொடி நானும் அதை யோசித்தேன். பிறகு அவளே, "முடியலீன்னா லிஸ்ட்ட எக்செல்லாவாச்சும் அனுப்பிடு. போன்ல வெச்சுப் பாத்துக்கறோம்" என்றாள்.

நான் அதைச் செய்திருக்க வேண்டும். என் லேப்டாப்பில் இருந்தது சரியான பட்டியல். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் பத்து நிமிஷம் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். இருபது பேர் தனித்தனி எக்செல் வைத்துக்கொண்டு அலைந்தால் பழைய நோட்டுக் குழப்பம்தான் திரும்ப வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இன்னும் ஒரே தடவை பார்க்கிறேன்" என்றேன்.

பழைய பதிப்பையே எடுத்துக்கொள் என்று சர்வருக்கு ஒரு வரி எழுதி அனுப்பினேன். அது பாதியைத் தாண்டி ஓடியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். முடியும் தறுவாயில் மூன்றாவது சிவப்பு வரி வந்தது: டேட்டாபேஸ் முகவரி இல்லை.

பட்டியல் எங்கே இருக்கிறது என்று தளத்துக்குச் சொல்லும் அந்த முகவரி ரகசியமானது. அதனால் மற்றவற்றோடு அதை அனுப்பமாட்டோம், சர்வரில் தனியாகப் பதிய வேண்டும். இறக்கி வைத்தபோது பழைய பதிவு போயிருந்தது. என் குறிப்புகளில் தேடினேன். குமாரபாளையம் என்று எழுதி, கீழே அந்த நீளமான எழுத்துக்கோவை இருந்தது. எடுத்து ஒட்டினேன். ஆறு நிமிஷம் கழித்துப் பச்சை வந்தது.

தளத்தைத் திறந்தேன். வீடுகள் வரிசையாக இருந்தன. முதல் மூன்றைச் சரிபார்த்தேன், சரியாக இருந்தன. லிங்கை அனுப்பினேன். மணி பன்னிரண்டு ஆகவில்லை. ஒரு வீடு பச்சையானது. அடுத்தது இன்னொன்று. சிறிது நேரத்தில் ஒரு தெருவே பச்சையானது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஒரு மணி வாக்கில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. குழுவைச் சேர்ந்தவர்.

"அக்கா, வணக்கமுங்க. பதினேழாம் நம்பர் ஊட்டுக்கு வந்திருக்கறனுங்க. பூட்டிக் கெடக்குதுங்க. லிஸ்ட்டுல நாலு பேருன்னு போட்டிருக்குதுங்க. பக்கத்துல கேட்டா, அவிங்க தை மாசமே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்றாங்க."

"தப்பாப் பதிஞ்சிருப்பாங்க. அதை விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போங்க" என்றேன்.

போனை வைத்த பிறகு அது மண்டைக்குள் சுற்றியது. கணக்கெடுத்தது ஆனியில். தையில் போனவர்கள் ஆனிக் கணக்கில் எப்படி வருவார்கள்?

லேப்டாப்பில் ஓடுவதை ஒரு பக்கமும் இணையத்தில் ஓடுவதை மறுபக்கமும் வைத்தேன். லேப்டாப்பில் பதினேழாம் எண்ணில் வேறு குடும்பம் இருந்தது. அவர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள் என்று தோழி குறிப்பும் எழுதியிருந்தாள், அதனால்தான் வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டு முகவரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். நடுவில் நான்கைந்து எழுத்துகள்தான் வித்தியாசம். நான் ஒட்டியது போன வருஷத்து முகவரி. இருபது பேரும் போன வருஷத்து ஊருக்குள் அலைந்துகொண்டிருந்தார்கள்.

முகவரியை மாற்றினால் ஆறு நிமிஷம் ஆகும். இதுவரை போட்ட பச்சைக் குறிகள் எல்லாம் போய்விடும், யாரைக் கூட்டி வந்தோம் என்பதே தெரியாது. அதனால் கையால் ஒப்பிட்டேன். இந்த வருஷப் பட்டியலில் மட்டும் இருக்கும் வீடுகள் பதினொன்று. அதில் ஒன்றில் தோழி எழுதியிருந்தாள்: கடைசித் தெரு, கடைசி வீடு, படுத்த படுக்கை, பெரியவர், மகள் மட்டும்.

உடனே கூப்பிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்கூட இருக்கலாம், சும்மா உட்கார்ந்திருந்தேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். கடைசி வீட்டில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கும் என்று அந்த இரண்டு நிமிஷமும் நான் யோசிக்கவில்லை. இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான்.

சொன்னேன். அவள் பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டாள். பிறகு, "சத்தமாப் படி. ஒவ்வொண்ணா, மெதுவா" என்றாள்.

நான் படித்தேன். அவள் நிவாரண முகாமில் இருந்தவர்களிடம் உரக்கக் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். ஒன்பது வீட்டார் மைக் சத்தம் கேட்டுத் தாங்களாகவே முகாமுக்கு வந்துவிட்டிருந்தார்கள். பத்தாவது குடும்பம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தது. கடைசி வீட்டாரை முகாமில் யாரும் பார்த்திருக்கவில்லை.

"அந்தப் பக்கம் தண்ணி வந்துருச்சு" என்றாள். "என்ற ஊட்டுக்காரர் போறாரு. நீ அந்தப் புள்ள நம்பருக்குக் கூப்புட்டுட்டே இரு."

மகளின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. எத்தனை முறை கூப்பிட்டேன் என்று தெரியாது. அதன் நடுவே, பச்சைக் குறிகள் போனால் போகட்டும் என்று தோழி சொல்லியிருந்தபடி, புதிய முகவரியைப் பதிந்து பில்டையும் ஓடவிட்டேன். அது ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே ஏற்காடு சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த வெயிலைப் பார்க்கவே பயமாக இருந்தது. இப்படி ஒரு நாளில் ஒருவர் கட்டிலில் படுத்தபடி தண்ணீரில் மூழ்க முடியும் என்று யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தோழி கூப்பிட்டாள்.

"கொண்டாந்துட்டாங்க" என்றாள்.

நடந்ததைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். மகள் பாலத்துக்கு அந்தப் பக்கம் பவானியில் தறி வேலைக்குப் போயிருந்தாள். நாய் உள்ளே போகாமல் இருக்க வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவது அவள் வழக்கம். பகலில் பக்கத்து வீட்டம்மாள் பார்த்துக்கொள்வாள். மைக் அறிவிப்பு வந்ததும் அந்தம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெரியவர் பேர் லிஸ்டில் இருக்கிறது, வந்து தூக்கிக்கொள்வார்கள் என்று நம்பியிருந்தாள். தறிச் சத்தத்தில் மகளுக்குப் போன் மணி கேட்கவில்லை. இரண்டு மணிக்கு மேல் சாப்பாட்டு நேரத்தில் விவரம் தெரிந்து ஓடி வந்தபோது பழைய பாலத்தை அடைத்திருந்தார்கள். தோழியின் கணவரும் இன்னும் இரண்டு பேரும் தெருவில் இடுப்பளவுத் தண்ணீரில் போய்த் தாழைத் திறந்தபோது, தரை உயர்ந்த அந்த வீட்டுக்குள் தண்ணீர் கட்டில் சட்டத்துக்கு ஒரு சாண் கீழே நின்றதாம். கட்டிலோடு தூக்கி வந்தார்கள்.

நான்கு மணிக்கு மேல் மகள் சுற்றுப் பாதையில் முகாமுக்கு வந்து சேர்ந்தாள். தோழியின் போனை வாங்கி என்னிடம் பேசினாள்.

"நீங்கதான் லிஸ்ட்டுல பாத்துச் சொன்னீங்களாமா. ரொம்ப நன்றிங்க."

தோழி அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள். என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"இல்லைங்க. நான் பழைய லிஸ்ட்டை ஏத்திட்டேன். அதனாலதான் உங்க அப்பாவை இவ்வளவு நேரம் யாரும் தேடலை" என்றேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்துவிட்டாள்.

தண்ணீர் வடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை குமாரபாளையம் போனேன். இப்போது தளத்தின் உச்சியில், எந்த வருஷம் எந்த மாதம் எடுத்த பட்டியல் என்பது பெரிய எழுத்தில் வருகிறது. அதைத் தோழியிடம் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். எக்செல் நகல் ஒன்றும் அவள் போனில் எப்போதும் இருக்க வேண்டும் என்றாள். பிறகு என்னைக் கடைசித் தெருவுக்குக் கூட்டிப்போனாள்.

வீட்டுக்குள் சேற்று வாடை போகவில்லை. சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் காவி நிறத்தில் ஒரு கோடு. மகள் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு டீ போடப் போனாள். பெரியவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வாதம் வந்து பேச்சு குழறும். நான் கட்டிலருகே போய், என்னால்தான் தாமதமாயிற்று, மன்னிச்சுக்கங்க என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். மகள் டம்ளரோடு வந்து நின்று அவர் பேசியதைக் கேட்டாள்.

"தண்ணி எப்ப வடியும்னு கேக்கறாருங்க" என்றாள். பிறகு அவர் பக்கம் குனிந்து, "வடிஞ்சு நாலு நாளாச்சுங்கப்பா" என்றாள்.

அவர் தலையசைத்தார். ஆனால் நாங்கள் டீ குடித்து முடிக்கும் வரை, வாசற்படியிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.