அக்காவுக்கு நான் கொடுத்த டானிக்

அக்கா இல்லாத முதல் உப்புக் காலம் முடிந்து, அவருடைய ஓராண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரை அச்சடித்து உங்கள் கையில் தருகிறோம்.

மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளியின் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. சிறு வயதிலிருந்தே வெளுத்துப்போய் இருப்பார். கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும். பாத்தியில் இறங்கி உப்பு வார முடியாததால், கரையில் உட்கார்ந்து மூட்டை தைப்பார். பேச்சு மட்டும் ஓயாது. "ஏம்பா, மூட்டை தூக்குறியா, பொண்ணு ஊர்வலம் போறியா?" என்று கேட்பார். சுமக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே நடையை எட்டிப் போடுவார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ரத்தம் குறைந்தால் இரும்புச்சத்து வேண்டும் என்று பாடத்தில் படித்திருந்தேன். யாரையும் கேட்காமல் மருந்துக்கடையில் டானிக் வாங்கி, தினமும் நானே ஊற்றிக் கொடுத்தேன். வருடக்கணக்கில் கொடுத்தேன்.

2004இல் அக்காவுக்குக் கால் வீங்கியபோது புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, இது பெற்றோர் வழியாகப் பிறவியிலேயே வரும் ரத்தசோகை, பெயர் தலசீமியா என்றார். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு மிக அதிகமாம். அந்த இரும்பு இதயத்தில் படிந்து அதைத் தளர்த்திவிட்டதாம்.

"டானிக் ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"நான்தாங்க குடுத்தேன்."

"இவங்களுக்கு அது ஆகாதுப்பா. இந்த நோய்ல உடம்பு தானாவே இரும்பைச் சேர்த்துக்கும்."

உப்பையும் குறைக்கச் சொன்னார். "உப்பளத்துக்காரிக்கு உப்பு கூடாதாம்! ஊருல சொன்னா சிரிப்பாங்க" என்று அக்காதான் முதலில் சிரித்தார்.

திரும்பும்போது பேருந்தில் நான் அழுதேன்.

"டேய், எதுக்குடா அழுவுற? பாதி டானிக்க வேலியோரம் ஊத்திட்டேன். ஒரே துரு நாத்தம், எவ குடிப்பா?" என்றார்.

அது பொய். பாட்டிலில் ஒட்டியிருந்ததையும் தண்ணீர் விட்டுக் கலக்கி அவர் குடித்ததை அம்மா பார்த்திருக்கிறார்.

இரும்பை வெளியேற்றும் மருந்து ஏறக்குறைய ஒரு வருடம் நடந்தது. அக்காவோடு அப்பாவும் உப்பில்லாத கஞ்சியே குடித்தார். 2005இல் இதயம் தாங்கவில்லை.

ரத்தம் கொடுத்த கூனிமேடு, அனுமந்தை நண்பர்களுக்கும், கேட்டபோதெல்லாம் வண்டி அனுப்பிய உப்பள முதலாளிக்கும், கடைசிவரை பார்த்த டாக்டரம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

"டானிக் விஷயத்த எழுதாதடா. படிச்ச புள்ளைய நாலு பேரு ஏசுவாங்க" என்றார் அம்மா.

ஏசட்டும். நாம் சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறவர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு வெளுத்த பிள்ளை இருக்கலாம். டானிக் வாங்கும் முன் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். நான் யாரையும் கேட்காமல் கொடுத்தேன். தம்பி கொடுக்கிறான் என்பதால், அக்காவும் ஒன்றும் கேட்காமல் குடித்தார்.