பிசிறு தின்னும் மருந்து

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் ஆறுச்சாமியின் விரலுக்குத் தனி மரியாதை. பனியன் துணியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே, பயோ வாஷ் சரியாக ஆகியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். பஞ்சு என்பதே சர்க்கரைச் சங்கிலிதான். பயோ வாஷ் என்று தொட்டித் தண்ணீரில் என்சைம் என்ற நொதியை ஊற்றினால், அந்தச் சங்கிலியை அறுத்து, துணிமேல் நிற்கும் பிசிறைத் தின்று வழவழப்பாக்கிவிடும். ஆனால் முக்கால் மணி நேரம்தான். உடனே தண்ணீரைக் கொதிக்கவிட்டு என்சைமைக் கொன்றாக வேண்டும். ஒருமுறை சினிமாக் கதை பேசிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்து தொட்டால், விரல் துணிக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. பட்டறையே சிரித்தது. அவரும்தான் சிரித்தார்.

2007-இல் மனைவி முத்தாத்தாளுக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றியும் கேட்கவில்லை. பதினைந்து நாளுக்கொரு முறை கோவை ஆஸ்பத்திரியில் அவள் வயிற்றில் சேரும் நீரை ஊசி போட்டு இறக்கினார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு அதில் ஒரு பாட்டிலை எடுத்துப் போவாள் வேல்விழி. அங்கே ஆராய்ச்சி செய்யும் மதுரைப் பக்கத்துப் பெண்.

"எதுக்குங் கண்ணு இந்தக் கருமத்தெ எடுத்துட்டுப் போறீங்க?" என்று இவர் கேட்கப்போய், ஒருநாள் லேபுக்கே கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினாள்.

"இது அம்மாவோட கேன்சர் செல்லுய்யா. மேல பூரா ஒரு மாதிரி சர்க்கரை ஒட்டியிருக்கு. நம்ம ரத்தத்துல இருக்கிற வெள்ளணு வந்து தொட்டுப் பாத்துட்டு, நம்ம ஆளுதான்னு விட்டுட்டுப் போயிருது. சில நோய்க்கிருமியும் இதே வேசந்தான் போடுது. ஒரு என்சைமை விட்டு அந்தச் சர்க்கரையை நறுக்கியிருக்கேன். இப்பப் பாருங்க."

பார்த்தார். பெரிய பெரிய உருண்டைகள். முத்தாத்தாளின் ரத்தத்திலிருந்து எடுத்த சின்ன வெள்ளணுக்கள் அவற்றை மொய்த்திருந்தன. ஒரு உருண்டை சுருங்கி உடைந்தது. ஆறுச்சாமி நிமிர்ந்து வேல்விழியைப் பார்த்தார்.

"இங்க சாகுதுங்களே! அவ வயித்துல மட்டும் ஏனுங்க சாக மாட்டேங்குது?"

"இது இந்தக் கண்ணாடித் தட்டுல மட்டுந்தான்யா. ஆளுக்குக் குடுக்க இன்னும் எத்தனையோ வருசம் ஆகும்."

வருசமாம். முத்தாத்தாளுக்கு மாசமே இருக்குமோ என்னவோ.

மறுநாள் தூக்குப்போசியில் பட்டறை என்சைமை ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். முப்பது வருடம் வேலை பார்த்த மனிதருக்கு லேப் என்சைம் வேறு, இது வேறு என்று தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும். பெண்டாட்டி கண்ணெதிரே உருக்குலையும்போது தெரிந்தது தெரியாதது எல்லாம் எங்கே நிற்கிறது? டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, என்சைம் வேலை செய்யப் பட்டறைத் தண்ணீரில் புளிப்பு சேர்ப்பதைப் போலவே எலுமிச்சை பிழிந்து கலக்கினார்.

முத்தாத்தாள் டம்ளரை வாங்கி மோந்து பார்த்தாள். அவருடைய சட்டைகளை இருபத்தைந்து வருடம் துவைத்தவள் அவள்.

"உங்க பட்டறை வாசம் அடிக்குதுங்க."

அவர் பிழிந்த எலுமிச்சை மூடியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இதெக் குடிச்சா நல்லாயிருமுங்களா?"

முத்தாத்தாள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"செரி, நீங்க குடுத்தா குடிக்கறனுங்க" என்று உதட்டில் வைத்தாள்.

அவள் நம்பிக் குடிக்கப் போகவில்லை. இவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் குடிக்கப் போனாள். அது புரிந்த அதே நொடியில், துணிக்குள் புகுந்த விரல் அவர் ஞாபகத்துக்கு வந்தது. தொட்டியென்றால் கொதிக்கவிட்டு நிறுத்திவிடலாம். இவள் வயிற்றுக்குள் போனதை எதைக்கொண்டு நிறுத்துவது? டம்ளரைத் தட்டிவிட்டார். அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "உன்னையக் கொல்லப் பாத்துட்டேன் புள்ள" என்று வாய்விட்டு அழுதார். அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

ஐந்தாவது வாரம் முத்தாத்தாள் போய்ச் சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்தபின், வேல்விழியிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று லேபுக்குப் போனார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவர்தான் கேட்டார்: "அவ வயித்துல எடுத்த தண்ணியெல்லாம் கொட்டிப்போட்டீங்களா கண்ணு?"

"இல்லய்யா. அந்த செல்லெல்லாம் உசுரோடதான் இருக்கு. தட்டுல வளந்துக்கிட்டிருக்கு."

ஆறுச்சாமி அந்தத் தட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். முத்தாத்தாளை எரித்துச் சாம்பலும் கரைத்தாகிவிட்டது. நோய் மட்டும் இங்கே இளஞ்சூட்டில், வேளாவேளைக்குத் தீனி தின்றுகொண்டு!

"அவளெக் கொன்னது உசுரோட இருக்குதுங்களா? அன்னைக்குக் காட்டுனீங்களே, அதுமாதிரி கொல்லுங்க கண்ணு."

"சர்க்கரையை நறுக்கிரலாம்யா. ஆனா அம்மாவோட வெள்ளணு தீந்துபோச்சு. வேற யாராவது ரத்தம் குடுத்தாத்தான் முடியும்."

ஆறுச்சாமி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, சாயம் ஏறிய கையை மேசைமேல் நீட்டினார். வேல்விழி சம்மதத் தாளை நீட்ட, படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மதியம் வரச் சொல்லியிருந்தாள். காலையிலேயே வந்து வாசலில் காத்துக் கிடந்தார். கூப்பிட்டதும் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். அவருடைய வெள்ளணுக்கள் அவளுடைய நோயைச் சுற்றி மொய்த்திருந்தன. ஒரு உருண்டை உடைந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

"நேரமாகும்யா, போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க" என்றாள் வேல்விழி.

"நீங்க போயிட்டு வாங்க கண்ணு," என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "எல்லாஞ் சாகற வரைக்கும் நான் இங்கியே நிக்கறனுங்க."