பாதி லேபிள்

ஞாயிறு மதியம் ஒன்று பத்துக்கு என் மகள் சாப்பாட்டுத் தட்டோடு சமையலறைக்குள் வந்தாள். இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொள்ளக் குனிந்தவள், குப்பைக்கூடையின் மேலே கிடந்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்தாள்.

"அப்பா, இதுல டாகிங்னு போட்டிருக்கு."

டாகிங் என்றால் மலாயில் இறைச்சி. ஆனால் ஒரு பொட்டலத்தில் வெறும் டாகிங் என்று மட்டும் இருந்தால் அது மாட்டிறைச்சிதான். கிள்ளானில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆடு என்றால் டாகிங் கம்பிங் என்று இரண்டு சொல்லும் இருக்க வேண்டும். நான் காலையில் சமைத்தது ஆட்டுக்கறிக் குழம்பு. அப்படி நினைத்துத்தான் சமைத்தேன்.

எங்கள் வீட்டில் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை. என் மனைவி மாட்டிறைச்சி வேகும் கடையில் தேநீர்கூடக் குடிக்கமாட்டாள். ஞாயிறன்றும் அவளுக்குத் துணிக்கடையில் வேலை. நான்கு மணிக்கு வந்துவிடுவாள். அவளுக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்திருந்தேன்.

விலை ஏறத் தொடங்கியதிலிருந்து எனக்கு மலிவான எதன்மீதும் நம்பிக்கை இல்லை. மலிவு அரிசி வாங்கினால் நாளிதழை விரித்துக் கொட்டி, குருணை எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பேன். பிரிக்ஃபீல்ட்ஸில் பருப்பு மலிவென்று கேள்விப்பட்டு ரயிலேறிப் போய், முகர்ந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் இந்தக் கறியை மட்டும் பார்க்காமல் சட்டியில் போட்டேன். ஆட்டுக்கறி எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகியிருந்தது. ஆசைதான் காரணம்.

வாங்கி வந்தவர் கீழ்வீட்டுக்காரப் பெண். வேலை ஸ்ரீ கெம்பாங்கானில்.

"அண்ணே, எங்க ஆபீஸ் பக்கத்துல ஒரு ஃப்ரோசன் கடை. கறி பெரிய பேக்கட்டா எடுத்தா ரொம்ப மலிவுலா. கொங்சி போட்டுக்கலாமா?" என்று கேட்டிருந்தார். ஒரே பொருளை இரண்டு வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதுதான் கொங்சி. எண்ணெய், வெங்காயம் எல்லாம் அப்படி வாங்கியிருக்கிறோம்.

சனிக்கிழமை மாலை எங்கள் பங்கைக் கொண்டுவந்து கொடுத்தார். "நல்ல கறிண்ணே. கடைக்காரன் மெஷின்ல வெச்சு உறையோட ரெண்டா அறுத்துட்டான்."

உறையை இப்போது கழுவிப் பார்த்தேன். லேபிளும் பாதியாக அறுந்திருந்தது. டாகிங் என்ற சொல்லுக்கு அடுத்து லேபிளே இல்லை.

"மீதி ஆன்டிகிட்டதான் இருக்கும். கால் பண்ணுங்கப்பா," என்றாள் மகள்.

"நீ முதல்ல சாப்பிடுறதை நிறுத்து."

"ஒரு தட்டு உள்ள போயிடுச்சு. இப்போ வந்து சொல்றீங்க!"

மூன்று மணிக்குள் நான்கு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. கீழே எட்டிப் பார்த்தேன், அவருடைய கார் இல்லை. எப்போதும் இரண்டாவது மணியிலேயே எடுப்பவர் ஏன் எடுக்கவில்லை?

ஒரு துண்டைக் கழுவி நாரைப் பிரித்தேன். நீளமாக வந்தது. முகர்ந்தால் மசாலா வாசம்தான் வந்தது. ஓர் எலும்புகூட இல்லை. அப்போதுதான் அவர் சொன்னது உறைத்தது: "நல்ல கறிண்ணே." ஆடு என்று அவர் சொல்லவே இல்லை. கறி என்றால் எனக்கு ஆடுதான். அவர் கத்தோலிக்கர், எல்லாம் சாப்பிடுகிறவர். அவருக்குக் கறி என்றால் எதுவாகவும் இருக்கலாம் அல்லவா? எங்களை ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைத்துவிட்டாரா? இதற்கு முன் சமைத்துக் கொடுத்ததெல்லாம் என்ன?

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்களுக்கென்று மாட்டிறைச்சி படாத தனிப் பாத்திரத்தில் கேக் செய்து தருகிறவர் அவர். அன்று மதியம் அது என் நினைவுக்கே வரவில்லை.

மகள் கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மாகிட்ட சொல்லப் போறீங்களா?"

"உனக்கு வயிறு எப்படி இருக்கு?"

"வயித்துக்கு என்ன? நான் கேட்டது அம்மாவைப் பத்தி."

கிண்ணத்தில் இருந்ததைச் சட்டியில் திருப்பி ஊற்றினேன். சட்டியை எங்கே மறைப்பது, முட்டை பொரித்து வைத்துவிடலாமா என்று நின்றுகொண்டிருந்தபோதே கதவு தட்டப்பட்டது. மணி நான்காகப் பத்து நிமிடம் இருந்தது. என் மனைவிதான் வந்துவிட்டாள் என்று சட்டியை அவசரமாக மூடினேன். மகள் போய்த் திறந்தாள்.

வாசலில் கீழ்வீட்டுக்காரர் நின்றார். சர்ச் சேலையில், மூச்சிரைக்க, கல்லாய் உறைந்த தன் பங்குக் கறியை ஒரு பையில் தூக்கிக்கொண்டு.

"அண்ணே, சமைச்சிட்டீங்களா? மதியப் பூசைன்னு போனை சைலன்ட்ல போட்டுட்டேன், உங்க காலை இப்பதான் பார்த்தேன். காலையில எடுத்துப் பார்க்கிறேன், என் பாதியில கம்பிங்னு மட்டும்தான் இருக்கு, எக்ஸ்பைரி தேதியவே காணோம். இவ்ளோ மலிவா ஏன் கொடுத்தான்னு பூசை முழுக்க அதே சந்தேகம்லா எனக்கு. நான் அடுப்புலயே வைக்கல. உங்க பாதியில தேதி இருக்கும், கொஞ்சம் பாருங்க!"