எட்டடிப் பலகையும் நூற்றறுபதடித் தண்ணீரும்

குடியிருப்பில் அவரை டீசல் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் டீசல் எஞ்சினை இருபத்தாறு வருடம் ஓட்டியவர். அந்த எஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், அதே இடத்தில் சூரிய ஒளியில் ஓடும் பம்பு வைத்து இரண்டு வருடம் ஆகிறது. சட்டையில் இருந்த வாசனை போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

புதிய பம்பு வந்த அன்று அவர் பயந்துபோனார். பொருத்த வந்தவர் ஒரு பெண். ஆள் உயரத்துக்கு, தொடைப் பருமனில் இருந்த எஃகு உருளையைக் குழாயோடு சேர்த்து ஆழ்துளைக் கிணற்றுக்குள் நூற்றறுபது அடி இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். டீசல் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"ஸ்விட்ச் எங்கம்மா?"

"சூரியன்தாண்ணே ஸ்விட்ச். வந்தா ஓடும், போனா நிக்கும்."

"மோட்டாரைத் தண்ணிக்குள்ள போட்டுட்டீங்களே, எரிஞ்சு போகாதா?"

"தண்ணி இல்லாம ஓடினாத்தான் எரியும். சுத்தி ஓடுற தண்ணிதான் அதைச் சூடாகாம பாத்துக்குது. உள்ள தண்ணி போகாதபடி சீல் வெச்சிருக்கு. கிணத்துல தண்ணி கீழ போயிட்டா இந்தக் கன்ட்ரோல் பெட்டியே நிறுத்திடும்."

"பாட்டரி?"

"தொட்டிதான் பாட்டரி. பகல்ல நிரப்பி வெச்சுக்கிட்டா எப்ப வேணா திறந்து பிடிச்சுக்கலாம்."

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அவருக்கு வேலைதான் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம், "என் வேலையைச் சூரியனுக்குக் குடுத்துட்டாங்க" என்றார்.

ஆனால் அலுவலகம் அவரைக் கைவிடவில்லை. அன்பினால் அல்ல. ஒரு பதவியை வைத்துக்கொள்ள ஒரு கையெழுத்து போதும். ஒழிக்கப் பதினொன்று வேண்டும். ஆகவே பதவி அப்படியே இருந்தது. அதற்கு வேலை கண்டுபிடித்தார்கள். வெயிலில் மின்சாரம் எடுத்துப் பம்புக்குத் தரும் பன்னிரண்டு தகடுகளையும் துடைக்க வேண்டும். பம்பு எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கியது, எத்தனை மணிக்கு நின்றது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது, சூரியனுக்கு வருகைப் பதிவு எடுக்க வேண்டும்.

டீசல் அதையும் மனசாட்சியோடு செய்தார். முதல் எட்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. காலை ஏழேகால் வாக்கில் குழாய் ஒருமுறை இருமும், பிறகு தண்ணீர் விழும். பதினொன்றரைக்குத் தொட்டி நிரம்பி வழியும். எதிர்வரிசைச் சலவைக்கடை அக்கா எட்டு மணிக்கே துணி அலசத் தொடங்கிவிடுவார்.

நன்றாக ஓடுகிறது என்ற செய்தி மேலே போனது. அதுதான் வினையாகிவிட்டது. நன்றாக நடக்கும் வேலைக்கு ஒரு பலகை வைப்பது அலுவலக வழக்கம். ஒரு நாள் இரண்டு இரும்புக் கம்பங்களையும் எட்டடி அகலப் பலகையையும் கொண்டுவந்து, தகடுகளுக்குக் கிழக்கே, சாலையைப் பார்த்த மாதிரி நட்டுவிட்டுப் போனார்கள். சூரிய சக்தியால் இத்தனை லிட்டர், இன்னாரின் முயற்சியால் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அப்படி வைத்தால் படத்தில் நன்றாக விழுமாம்.

மறுநாள் ஏழேகாலுக்குத் தண்ணீர் வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை. ஒன்பது ஐம்பதுக்கு வந்தது.

டீசலுக்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரே காலைதான் ஆனது. பலகையின் நிழல் கீழ்வரிசைத் தகடுகள் மூன்றின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மூன்றுதானே என்று விட முடியாது. தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. தீ அணைக்க வரிசையாக நின்று வாளி கைமாற்றும்போது நடுவில் மூன்று பேர் தூங்கினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. அடியில் மோட்டார் சுற்றாமல் இல்லை, மெதுவாகச் சுற்றியது. தண்ணீரும் ஏறாமல் இல்லை. தொண்ணூறு அடி ஏறி, குழாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. நூற்றறுபது அடி தள்ளும் வேகம் வரும்வரை மேலே ஒரு சொட்டு கிடைக்காது.

பதிவேட்டில் உண்மையை எழுதினார்: தொடக்கம் 9.50. அடுத்த வாரம் மெமோ வந்தது. பம்பு இரண்டரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியதற்கு அவர்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

தரையில் அரை மணிக்கு ஒரு முறை நிழலின் ஓரத்தைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அதைத் தாளில் வரைந்து பதிலோடு அனுப்பினார். படம் திரும்பி வந்தது. வரைபடங்களைப் பொறியாளர் மட்டுமே மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. கூடவே இரண்டாவது மெமோ.

நாலாவது மெமோவுக்குப் பிறகு, மெமோ அனுப்பிய தண்ணீர்ப் பிரிவுச் சூப்பிரண்டே நேரில் வந்தார். காலை ஒன்பது மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டியை விட்டு இறங்கியவர் நேராகப் பலகைக்குக் கீழே போய் நின்றுகொண்டார்.

"நல்ல நிழலா இருக்கே" என்றார்.

"அதுதாங்க சார் பிரச்சினை."

"எது?"

"இந்த நிழல். தகடு மேலயும் இதே நிழல்தான் விழுது. பலகையை அந்தப் பக்கம் நகத்தி வெச்சா நாளைக்கே ஏழேகாலுக்குத் தண்ணி வந்துடும்."

சூப்பிரண்டு பலகையை அண்ணாந்து பார்த்தார். "பலகை நம்ம பிரிவு இல்லப்பா. அது விளம்பரப் பிரிவு. நம்மது தண்ணி."

"அப்ப நிழல் எந்தப் பிரிவுங்க சார்?"

டீசல் குத்தலாகத்தான் கேட்டார். சூப்பிரண்டுக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது. "பாத்துச் சொல்றேன்" என்று குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு மூன்று மாதம் பிரிவு பிரிவாகச் சுற்றியது. அதுவரை சலவைக்கடை அக்கா டீசலைப் பார்க்கும் போதெல்லாம், "என்ன டீசல், சூரியன் இன்னும் எழுந்திருக்கலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேலிதான் என்றாலும் அவர் துவைத்த துணி ஒரு நாள் தள்ளிக் காய்ந்ததில் வாடிக்கை பாதி போயிருந்தது. டீசல் தலையைக் குனிந்துகொண்டு போவார். இருபத்தாறு வருடத்தில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

சாப்பாட்டின்போது பலகை, தூக்கத்தில் பலகை என்று ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி, "அப்படி என்னதான் பலகைங்க அது, வாங்க பாக்கலாம்" என்று கிளம்பினார்.

அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். மருந்துச் சீட்டைக் கொடுத்தாலும் முதலில் எழுத்தைப் பார்ப்பார், பிறகுதான் நோயைப் பார்ப்பார். பம்படிக்கு வந்ததும் டீசல் நிழலைக் காட்டி விவரிக்க ஆரம்பித்தார். மனைவி நிழலைப் பார்க்கவே இல்லை. மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பலகையைப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கம்பத்தில் சாய்ந்துவிட்டார்.

"என்ன ஆச்சும்மா?"

"யார் முயற்சியாலன்னு போட்டிருக்கு, படிங்க."

டீசல் படித்தார். "தலைமைப் பொரியாளர் அவர்களின்..." அங்கேயே நின்றுவிட்டார்.

பொறியாளருக்கு வல்லின றகரம் போட வேண்டிய இடத்தில் இடையின ரகரம் போட்டிருந்தார்கள். கொட்டை எழுத்தில், சிவப்பு வண்ணத்தில். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் கரண்டியோடு நின்று பொரிப்பவர்களுக்குத் தலைவராகத் தலைமைப் பொறியாளர் ஐந்து மாதமாகச் சாலையில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்சி தந்துகொண்டிருந்தார்.

"இத்தனை நாளா நீங்க கவனிக்கலையா?"

"நான் நிழலைத்தானேம்மா பாத்தேன்."

மறுநாள் டீசல் தண்ணீரைப் பற்றி எழுதவில்லை, நிழலைப் பற்றி எழுதவில்லை. இரண்டே வரி எழுதினார். மனைவி பார்த்துச் சரி என்ற பிறகு, பத்தரைக்குக் கொண்டுபோய் நேரில் கொடுத்தார். சூப்பிரண்டு படித்தார். யாருக்கோ போன் போட்டார். அந்த யாரோ வேறு யாருக்கோ போட்டார். பன்னிரண்டு மணிக்கு லாரி வந்தது. ஒன்றரைக்குப் பலகை இல்லை. கம்பங்களைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எந்தப் பிரிவு என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஏழு பதினேழுக்குத் தண்ணீர் விழுந்தது. டீசல் குழாய்க்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சந்தோஷமும் அவமானமுமாக இருந்தது என்று பிறகு மனைவியிடம் சொன்னார். ஐந்து மாதம் ஜனங்களின் தண்ணீருக்காக எழுதியதை யாரும் படிக்கவில்லை. ஓர் எழுத்துக்காக லாரி வந்ததே என்று.

ஆறு மாதம் கழித்துத் திருத்திய பலகை வந்தது. நட வந்தவர்கள் எங்கே வைப்பது என்று கேட்டார்கள். டீசல் தகடுகளுக்குப் பின்னால், நிழல் விழாத வடக்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், "இங்க வெச்சாத்தான் படத்துல பலகையும் தகடும் சேந்து விழும்" என்றார். அவர்களுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

அந்த வருட அறிக்கையில், சூப்பிரண்டின் திடீர் ஆய்வின் பலனாகப் பம்பு இரண்டரை மணி நேரம் முன்னதாகவே இயங்குகிறது என்று வந்திருந்தது. டீசலுக்கு வந்த அந்த நாலு மெமோவையும் யாரும் ரத்து செய்யவில்லை. அவை இன்னும் கோப்பில்தான் இருக்கின்றன.

போன மாதம், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பின் பம்பு ஆபரேட்டர் வீடு தேடி வந்தார். அவருக்கும் இதே கதை. பலகை, நிழல், மெமோ.

"உங்களுக்கு எழுத்துப் பிழை கிடைச்சுது. எங்க பலகையைப் பத்துத் தடவை படிச்சுட்டேன் அண்ணே, ஒரு புள்ளிகூடத் தப்பா இல்ல" என்றார், அழாத குறையாக.

ஞாயிற்றுக்கிழமை டீசலும் மனைவியும் பஸ் ஏறிப் போனார்கள். மனைவி ஒரு மணி நேரம் பலகைக்கு முன்னால் நின்றார். உண்மையிலேயே பிழை இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல மேல ஒருத்தர் பேரு, அதுக்குக் கீழ ஒருத்தர் பேரு இருக்கே, ரெண்டு பேர்ல யார் பெரிய அதிகாரி?" என்று கேட்டார்.

"கீழ பேரு இருக்கிறவர்தாங்க பெரியவர்."

"அப்ப அதை எழுதுங்க" என்றார் மனைவி.