எட்டே முக்கால் கோடு

தலைமைத்துவம் பற்றி இப்போது வகுப்பு எடுக்கிறார்கள். என் மகள் வேலை செய்யும் இடத்தில் இரண்டு நாள் விடுதியில் தங்கவைத்து, மூன்று வேளை சாப்பாடும் போட்டு, கீழே வேலை செய்பவர்கள் சொல்வதைக் கேளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். இதற்கு ஒரு வகுப்பா என்று சிரித்தேன். சிரித்த கையோடு வாயை மூடிக்கொண்டேன். அதே பாடத்தைப் படிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அதற்கிடையில் ஒரு பிள்ளையின் வேலைக்கு உலை வைக்கவும் பார்த்தேன்.

அரசாங்கக் கந்தோர்களில் வேலை செய்தவர்களுக்குச் சிவப்புக் கோடு என்றால் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் வருபவர்கள் வரவுப் பதிவேட்டில் ஒருவருக்குக் கீழ் ஒருவராகக் கையெழுத்து வைக்க வேண்டும். எட்டே முக்கால் ஆனதும் கந்தோர்த் தலைவர் அடிமட்டத்தை வைத்து, கடைசிக் கையெழுத்துக்கு அடியில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு கீறுவார். பிறகு வருபவர்கள் கோட்டுக்குக் கீழே. மூன்று முறை கீழே போனால் அரைநாள் லீவு போய்விடும். எங்கள் தலைவரை ‘சேர்’ என்போம். அவர் வாசலில் செருமினால் கதை நின்றுவிடும். பதினொரு வருடம் அவருக்குக் கீழ் வேலை செய்தேன். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று அவருக்குத் தெரியாது.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கி, யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி ஷெல் விழ ஆரம்பித்ததும், பட்டணத்தில் இருந்த கந்தோரைத் திருநெல்வேலியில் ஒரு வாடகை வீட்டுக்கு மாற்றினோம். சான்றிதழ்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கும் கந்தோர் அது. எந்தத் திணைக்களம் என்று சொல்லமாட்டேன். அடுத்த வருடம் சேர் இரண்டு கிழமை லீவில் கொழும்புக்குப் போனார். போனவர் போனவர்தான். அவருடைய இடத்தில் பதில் கடமையைப் பார்க்கும்படி முதலில் பக்கத்து மேசை அண்ணையைத்தான் கேட்டார்கள். இருபது வருடத்தில் ஒருநாளும் பிந்தாத மனிதர். “எனக்கேன் இந்த இழவு” என்று அவர் ஒதுங்கிக்கொள்ள, அடிமட்டமும் சிவப்புப் பேனையும் என் மேசைக்கு வந்தன.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடைபிடிப்பான் என்பார்கள். நான் பிடித்தேன். பெண்பிள்ளை ஒருத்தி கந்தோர் நடத்துகிறாள், இனி ஆடலும் பாடலும்தான் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்ற வீம்பு எனக்கு. பொருளாதாரத் தடையால் சுவர் மணிக்கூட்டுக்குப் போடப் பற்றரி கிடைக்காத காலம், ஆகவே கந்தோரின் நேரம் என் மணிக்கட்டில் கட்டிய சாவி மணிக்கூட்டில்தான் இருந்தது. சேர் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் விட்டுக் கொடுப்பார், நான் கொடுக்கவில்லை. குண்டு போடும் பொம்மர் வந்து சுற்றிய ஒரு காலையில் பங்கருக்குள் இருந்து ஏறி வந்து கோடு கீறினேன். என் வீடு ஐந்து நிமிட நடை. நேரந்தவறாமை எனக்குச் சும்மா கிடைத்த நற்குணம் என்று அப்போது தோன்றவில்லை.

கோட்டுக்குக் கீழே நாள்தோறும் விழுந்த பெயர் ஒன்றுதான். கந்தோரின் ஒரே தட்டெழுத்தாளர், இருபத்துமூன்று வயதுப் பிள்ளை, இன்னும் நிரந்தரமாக்கப்படாதவள். குருநகர்க் கடற்கரைக் குடும்பம். ஷெல்லுக்குப் பயந்து வட்டுக்கோட்டையில் தெரிந்தவர்கள் வீட்டு விறாந்தையில் ஏழு பேராக இருந்தார்கள். மாதச் சம்பளம் என்று அந்த வீட்டில் இவளுக்கு மட்டும்தான். ஒன்பது மணிக்குப் பிறகுதான் வருவாள். எல்லோரும் சைக்கிளை உள்ளே மாமரத்தடியில் விட, இவள் மட்டும் வேலிக்கு வெளியே விடுவாள். அதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. பகல் முழுவதும் தலை நிமிராமல் தட்டுவாள், எல்லோரும் போன பிறகும் தட்டுவாள். அதையும் பார்த்தேன். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லையே.

லீவெல்லாம் கோட்டுக்குக் கீழேயே கரைந்து முடிந்ததும், விதிப்படி கொழும்பில் இருந்த தலைமைக் கந்தோருக்கு முறைப்பாடு எழுதினேன். எழுதியதைத் தட்டச்சு செய்ய வேண்டுமே. கந்தோரில் இருந்தது ஒரு இயந்திரம், தட்டத் தெரிந்தவள் ஒருத்தி. என் கையெழுத்துப் பிரதியை அவள் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவள் வாசித்தாள். தேய்ந்த காபன் தாள்களைச் சரிபார்த்துச் செருகினாள். பிறகு தட்டும் சத்தம் கேட்டது, வழக்கமான அதே வேகத்தில். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் கொண்டுவந்து வைத்தாள்.

“நாலு கொப்பி, மிஸ். கையெழுத்து வையுங்கோ.”

வைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மீதே எனக்குக் கோபம் வருகிறது.

சண்டையில் தரைப்பாதை மூடிக் கிடந்ததால் கடிதங்கள் கப்பலேறிப் போய்க் கப்பலேறி வர வேண்டிய காலம். இரண்டு மாதத்துக்கு மேல் சென்று பதில் வந்தது. அவளைச் சேவையிலிருந்து நிறுத்தியாயிற்று. இணைத்துள்ள கடிதத்தை அவளிடம் நேரில் கையளித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். ஒரு கண்டிப்பு வரும், பிள்ளை திருந்துவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் எழுதியிராவிட்டால் கொழும்புக்கு அவள் ஒன்பதுக்கு வந்தாளா பத்துக்கு வந்தாளா என்று தெரிந்திருக்காது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதைதான்.

கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

“பிள்ளை, நீர் ஏன் ஒவ்வொரு நாளும் பிந்துறீர்?”

“வீட்டிலை ஒரு சைக்கிள்தான், மிஸ். அப்பா விடிய முதலே அராலிக் கடலுக்குக் கொண்டு போயிடுவார். கடலிலை நேவி நிக்குது, ஆழக்கடலுக்குப் போக ஏலாதுதானே, கரையிலை நிண்டு வலை வீசுறவர். அவர் மீனோடை வந்தாப்பிறகுதான் சைக்கிள் எனக்கு.”

“அப்பிடிப் பார்த்தாலும் எட்டரைக்கு வந்திடலாமே.”

அவள் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“சைக்கிளைக் கழுவவேணும், மிஸ். அங்கை கிணத்தடியிலை ஒரே சனம், வரிசையிலை நிக்கவேணும். கழுவாமல் வந்தால் நேரத்துக்கு வரலாம். முந்தி அப்பிடித்தான் வந்தனான். ஒருநாள் நீங்கள் மூக்கைப் பொத்தினனீங்கள்.”

பொத்தியிருப்பேன். எனக்கு அது நினைவில்கூட இல்லை. மீன் வாடைக்கும் அதைக் கொண்டுவரும் ஆட்களுக்கும் எங்கள் வீடுகளில் என்ன மரியாதை என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கை தானாகவே மூக்குக்குப் போயிருக்கும். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

“இதை ஏன் நீர் முதலே சொல்லேல்லை?”

“நீங்கள் கேட்கேல்லை, மிஸ்.”

அடுத்த நாள் முதல் ஆளாகக் கந்தோருக்குப் போனேன். பதிவேட்டைத் திறந்து, ஒரு கையெழுத்தும் விழுவதற்கு முன்னமே, பக்கத்தின் உச்சியில் அடிமட்டத்தை வைத்துச் சிவப்புக் கோட்டைக் கீறினேன். கோட்டுக்குக் கீழே முதல் ஆளாக என் கையெழுத்தை வைத்தேன். வந்தவர்கள் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், எனக்குக் கீழே கையெழுத்து வைத்தார்கள். அண்ணைதான் பேனையோடு நெடுநேரம் நின்றார்.

“தங்கச்சி, மேலிடத்து விசயம். உமக்கேன் வில்லங்கம்?”

“வில்லங்கத்தை எழுதி அனுப்பினவள் நான்தானே, அண்ணை.”

இருபது வருடம் கோட்டுக்குக் கீழே போகாத மனிதர் எப்படிப் போவார்? திணைக்களத்தின் பெயர் அச்சடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், இடுக்குக்குள், கோட்டுக்கு மேலே குனிந்து நுணுக்கமாக ஒரு கையெழுத்தை வைத்தார். அன்று முதல் எல்லா நாளும் அப்படியே வைத்தார். அந்த அழகைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவரும் கடைசியில் சிரித்தார்.

அன்றைக்கே தலைமைக் கந்தோருக்குப் பதில் எழுதினேன். இங்கு எல்லோரும் கோட்டுக்குக் கீழேதான், நானும் கீழேதான். பிந்துபவர்களை நிறுத்துவதானால் என்னிலிருந்து தொடங்குங்கள் என்று எழுதினேன். தட்டிக்கொண்டிருந்தவள் அந்த இடத்தில் நிறுத்தினாள்.

“மிஸ், இதைப் போடவேணுமோ?”

“போடும். கறுப்பாத் தெரியிற மாதிரிப் போடும்.”

லாச்சிக்குள் இருந்த கடிதத்தைப் பற்றியும் அப்போது சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. முறைப்பாட்டைத் தட்டிய அன்றைக்கே இதை எதிர்பார்த்தேன் என்றாள். என்னிடம் கோபமா என்று கேட்டேன். “ஓம், மிஸ்” என்றாள். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் எங்களுக்குள் ஒழுங்கான கதை தொடங்கியது.

பிறகு நேரத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தோம். காலையில் எல்லோரும் பெரிய மேசையைச் சுற்றி இருந்து, இன்று எத்தனை பேர் பிரதிக்கு வந்திருக்கிறார்கள், எவர் அவசரம் என்று பிரித்துக்கொள்வோம். முதலில் மற்றவர்கள் பதிவுகளைத் தேடி எடுத்து அடுக்கி வைப்பார்கள். அவள் வந்து இருந்ததும் தட்டத் தொடங்கலாம். அதுவரை ஒரு பிரதிக்குப் பத்து நாள் அலைந்த சனம் மூன்றாம் நாள் வாங்கிக்கொண்டு போனது. இதற்கெல்லாம் இப்போது வாயில் நுழையாத பெயர்கள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பெயர் வைக்கவில்லை. சைக்கிளைக் கழுவாமல் வரச் சொன்னேன், மாமரத்தடியில் விடச் சொன்னேன். முணுமுணுத்த ஓரிருவரிடம், மூக்கு நோகிறவர்கள் வெளியே நின்று வேலை செய்யலாம் என்றேன்.

தலைமைக் கந்தோர் சும்மா இருக்குமா? மூன்றாம் மாதம் வந்தது ஓலை. பதில் கடமையை நான் உடனே அண்ணையிடம் ஒப்படைக்க வேண்டுமாம். இந்தமுறை அவர் மறுக்க வழியில்லை, பெயர் குறிப்பிட்ட உத்தரவு. கூடவே இன்னொரு வரி: தட்டெழுத்தாளரின் நிறுத்தற் கடிதம் கையளிக்கப்பட்டதா என்று புதியவர் அறிவிக்க வேண்டும். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். பதவி போனால் மயிர் போனது. ஆனால் விதியைப் புரட்டிப் புரட்டி வாசிக்கும் மனிதரிடம் அல்லவா அந்தப் பிள்ளை போய் மாட்டிக்கொண்டாள்?

அண்ணையிடம் அலுமாரித் திறப்புக் கோர்வையைக் கொடுத்தேன். பதிவேட்டைக் கொடுத்தேன். அவர் அவளுடைய கோவையை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை புரட்டினார். இரண்டாம் முறையும் புரட்டினார்.

“தங்கச்சி, நிப்பாட்டின கடிதம் எங்கை?”

“கோவையிலை இல்லை, அண்ணை.”

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். என் கைப்பை மடியில் இருந்தது; நான் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அதையும் பார்த்தார். பிறகு கோவையை மூடி, நாடாவை எடுத்துச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டார்.

“கோவையிலை இல்லாத கடிதம் வரேல்லை எண்டுதான் அர்த்தம். வராத கடிதத்தை நான் என்னெண்டு கையளிக்கிறது? அப்பிடியே எழுதி அனுப்புறன். பிள்ளையைக் கூப்பிடும், தட்ட.”

அவள் வந்து தட்டினாள், நாலு கொப்பி. அவர் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகு கப்பல்கள் எத்தனையோ வந்தன. அவளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஓய்வூதிய வயது வரை அவள் அரசாங்க வேலையில்தான் இருந்தாள். கடிதம் என்னிடம் இருக்கிறது. அரசாங்கத் தபாலைத் திருடியவள் என்று யாராவது எழுத விரும்பினால் தாராளமாக எழுதட்டும், கடிதத்தைத் தரமாட்டேன்.