எலியண்ணன் கை

பயத்தை அளக்க வந்தவன் முதலில் பயமுறுத்தத் தெரிந்தவனாக இருக்க வேண்டுமா? ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் எலியண்ணன் என்று கூப்பிட்ட மனிதர் நான்கு வருடம் இந்தக் கேள்விக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தார்.

கூண்டு கழுவுவதும், மரத்தூள் மாற்றுவதும், சோதனைக்கு எலியைத் தூக்கி வைப்பதும் அவர் வேலை. ஒரு மூலிகை இலையின் சாறு பதற்றத்தைக் குறைக்குமா என்று அங்கே ஒரு பேராசிரியை ஆராய்ந்துகொண்டிருந்தார். இடுப்பளவு உயரத்தில் கூட்டல் குறி மாதிரி ஒரு பலகை. அதன் இரண்டு பக்கங்களுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. பயந்த எலி சுவருக்குள் பதுங்கும்; பயம் குறைந்தது திறந்த பக்கம் வரும். பாதி எலிகளுக்குச் சாறு, மீதிக்கு வெறும் தண்ணீர்.

அந்தச் சாறு ஜெயிக்க வேண்டும் என்று பேராசிரியையைவிட எலியண்ணன் அதிகம் விரும்பினார். அவர் மனைவிக்குப் பல வருடமாகப் படபடப்பு. மாத்திரை போட்டால் நாள் முழுக்கத் தூக்கம். போடாவிட்டால் பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பாள்.

"எத்தன தடவடி இழுப்ப? பூட்டு கையோட வந்துரப் போகுது!"

"கத்தாதீங்க. கத்துனா இன்னும் நெஞ்சு அடிச்சுக்குது."

எலிகளிடம் இருந்த பொறுமை வீட்டில் அவருக்கு இருந்ததில்லை. அதை மறைத்து எழுதிப் பயனில்லை.

வருடத்துக்கு ஒன்றாக மூன்று முறை சோதித்தும் ஒன்றும் தேறவில்லை. தண்ணீர் குடித்த எலிகளும் திறந்த பலகையில் மாப்பிள்ளை மாதிரி உலாவின. வெறுத்துப்போன பேராசிரியை பழைய வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டார். பலகையில் விடும் முன் ஒவ்வொரு எலியையும் எலியண்ணன் நெஞ்சோடு அணைத்து, காதுக்குப் பின்னால் தடவி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எலிய எடுத்து வைக்கச் சொன்னா தாலாட்டிட்டு இருக்கீங்க!"

"இல்லன்னா பயந்துடும் மேடம்."

"பயப்படணும்ணே! பயமே இல்லாத எலிகிட்ட எந்தப் பயத்த நான் குறைக்கறது? மூணு வருஷம் உங்க கையத்தான் சோதிச்சிருக்கேன்!"

நான்காம் முறை கையுறை போடச் சொன்னார்கள். தடவக் கூடாது, பேசக் கூடாது. தண்ணீர் குடித்தவை சுவரோரம் ஒடுங்கின. சாறு குடித்தவை வெளியே வந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் கையுறைக்குள் விரல்கள் வேர்த்து ஊறிப்போயிருந்தன.

"என்னங்க, கையில ரப்பர் நாத்தம்?" என்றாள் மனைவி அன்று மாலை. அவர் மறுபடியும் சோப்புப் போட்டுக் கை கழுவப் போனார்.

மனிதர்களிடம் சோதிக்க அனுமதி வர மேலும் சில வருடங்கள் ஆயின. பேராசிரியை அவரைத் தேடி வந்து, சோதனையில் சேர்வதற்கான ஒரு படிவத்தை நீட்டினார்.

"முதல் பேரு அண்ணியோடதா இருக்கட்டும். பாதிப் பேருக்குச் சாறு, பாதிப் பேருக்குச் சும்மா வெறும் தண்ணி மாதிரி ஏதாவது. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. அதிர்ஷ்டம் இருந்தா சாறு கிடைக்கும்."

அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு வாரம் அது வீட்டுக்கும் வேலைக்கும் அவரோடு போய்வந்தது. எட்டாம் நாள் பேராசிரியையின் மேசைமேல் விரித்து வைத்தார். வியர்வைக் கறை இருந்தது; நிரப்பிய எழுத்து ஒன்றுகூட இல்லை.

"என்னண்ணே, அண்ணி வேண்டாம்னுட்டாங்களா?"

"அவகிட்ட நான் கேக்கவே இல்ல மேடம். தண்ணி குடிச்ச எலிங்க சுவரோரம் ஒடுங்குனத நான் பாத்திருக்கேன்."

அவர் கூண்டு கழுவப் போய்விட்டார்.